தொட்டிச் செடியும் வீட்டுப் பூனையும்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மானமுடையோர் வறுமையிலும் தம் நிலையினின்று தாழார் என்னும் கருத்தை விளக்க, இதனை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். கருத்தில் பிழையில்லை, விலங்கியலில்தான் பிழை. காட்டுப் புலிகளின் எச்சத்தைச் சோதித்தவர்கள் அதனுள் புல்லைக் கண்டிருக்கின்றனர். புலியின் இனத்தைச் சேர்ந்த நம் வீட்டுப் பூனையும் புல்லைக் கடிக்கும்; புல் கிடைக்காதபோது தொட்டியில் உள்ள எதனையும் கடித்துப் பார்க்கும். இக்கட்டுரை பிறந்தது அங்கேதான்.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் என் மகன் வீட்டில், மழைநாள் ஒன்றில் படியேறி வந்த பூனை ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. பால்கனியிலோ மருமகள் ஆசையோடு வளர்க்கும் தொட்டிகள்: துளசி, கற்பூரவல்லி, புதினா, கற்றாழை, கொத்துமல்லி. பூனை நாள்தோறும் அவற்றிடையே உலவி, இலையை முகர்ந்து, சிலவற்றைக் கடிக்கவும் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் பயிலும் பேத்தி என்னிடம் இரு வினாக்களைத் தொடுத்தாள். “பாட்டி, இலை தின்னுதே, அப்போ நம்ம பூனையும் சைவந்தானே?” என்பது ஒன்று. “அதுக்கு ஒண்ணும் ஆகாதே?” என்பது மற்றொன்று.

இரண்டாம் வினாவுக்கு உடனே விடை சொல்ல என் நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், வந்தவாசிப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், வீட்டிலிருந்த பூனைக்குட்டி ஒன்று சளி பிடித்துத் தும்மிக்கொண்டிருந்தது. என் பிள்ளைகளுக்குச் செய்ததையே அதற்கும் செய்தேன். கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சாற்றைத் துணித்திரியால் அதன் வாயில் விட்டேன். கால் நாழிகைக்குள் அதன் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. பலமுறை வாந்தி எடுத்தது. இரண்டு நாள் பாலைக்கூட நாடாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. பிழைத்துக்கொண்டது என்பது அதன் நல்லூழ். பார்க்க வந்த கால்நடை மருத்துவர், “அம்மா, குழந்தைக்கு நல்லதெல்லாம் பூனைக்கு நல்லதில்லை” என்று மட்டும் சொல்லிச் சென்றார். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. ஆசிரியையாக இருந்தும் கேட்காமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்தலாகவே உள்ளது. ஓய்வு பெற்றபின் படித்தும், அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை ஈண்டு எழுதுகிறேன்.

பூனையின் கல்லீரல்

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்த முதல் நெறி. ஆகவே சந்தையிலிருந்து தொடங்குவோம். சந்தையில் விற்காத சரக்கை வெளியூர் அனுப்ப வேண்டுமானால், முதலில் அதனைச் சாக்கில் இட்டுத் தைக்க வேண்டும். தைத்த மூட்டையைத்தான் வண்டிக்காரர் ஏற்றுவார். நம் உடலிலும் இவ்வாறே நடைபெறுகிறது. உணவோடும் மருந்தோடும் உள்ளே வரும் வேண்டாத வேதிப்பொருள்களைக் கல்லீரல் குளுக்குரானிக் அமிலம் என்னும் பொருளோடு பிணைத்து, நீரில் கரையத்தக்கதாக்கி, சிறுநீர் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் வெளியேற்றுகிறது. இவ்வாறு பிணைத்துத் தரும் நொதிகளுள் முதன்மையான ஒன்று பூனைக்கு வேலை செய்வதில்லை. அந்நொதிக்குரிய மரபணு பூனையினத்தில் இருக்கிறது. ஆனால் பழுதுபட்டுச் செயலற்றுக் கிடக்கிறது. பல தலைமுறைகளாக ஊனையே உண்டு வாழ்ந்த உயிருக்குச் செடிகளின் வேதிப்பொருள்களைக் கழிக்கும் தேவை மிகுதியாக இல்லை. பயன்படாத கருவி துருப்பிடித்துவிட்டது என்று அறிஞர் கருதுகின்றனர்.

இதன் விளைவு சிறிதன்று. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். சூடாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அரை மாத்திரை கரைத்துக் கொடுப்போர் இன்றும் உளர். அருள்கூர்ந்து அதனைச் செய்ய வேண்டா. அவ்வாறே, வாசனை மிக்க மூலிகைகளின் எண்ணெயில் உள்ள பினால் வகைப் பொருள்களைக் கழிப்பதும் பூனைக்கு அரிது. கற்பூரவல்லியின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் ஆகியவையும், துளசியிலும் கிராம்பிலும் உள்ள யூஜினாலும் இவ்வகையின. நமக்கு மார்ச்சளியைக் கரைக்கும் பொருளே பூனைக்கு வயிற்றைப் புரட்டும் பொருளாகிறது. அன்று மருத்துவர் சொல்லாமல் விட்ட விடை இதுவே.

பால்கனியில் ஒரு சுற்று

இனித் தொட்டிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். அமெரிக்காவில் 1866-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கம் நஞ்சு பற்றிய தனி மையம் ஒன்றை நடத்தி, பூனை, நாய், குதிரை ஆகியவற்றுக்குத் தீங்கு தரும் செடி, தராத செடி எனப் பட்டியல் இட்டுள்ளது. கால்நடை மருத்துவர் பலரும் எடுத்துப் பார்க்கும் பட்டியல் அது. நம் செடிகள் பலவும் அதில் உள்ளன.

கொத்துமல்லி தீங்கற்றது. துளசியின் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சையும் தீங்கற்ற வரிசையில் உள்ளது. நம் துளசியை ஓரிரு இலை கடித்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. ஆனால் துளசிச் சாறும் துளசித் தைலமும் வேறு. பிழிந்து வடித்துச் செறிவாக்கிய எதனையும் பூனையின் வாயிலோ உடலிலோ விடலாகாது. நீலகிரியிலிருந்து வாங்கி வந்து இப்போது பலர் சன்னலோரம் வைக்கும் ரோஸ்மேரி, தைம் ஆகிய செடிகளும் இலையளவில் கேடு தருவன அல்ல.

கற்பூரவல்லி, என் அனுபவத்தோடு ஒத்து, தீங்கு தரும் வரிசையிலேயே உள்ளது. வாந்தி, கழிச்சல், சோர்வு, உணவில் வெறுப்பு ஆகியன அதன் அறிகுறிகள். சில வேளை கழிச்சலில் குருதியும் காணும். புதினாவைச் சிறிது தின்றால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. மிகுதியாகத் தின்றால் வயிறு கெடும். கற்றாழையை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவிலுள்ள தெளிந்த சோற்றை நாம் முகத்துக்கும் முடிக்கும் பயன்படுத்துகிறோம். தோலுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் கசியும் கசப்புப் பாலில்தான் கேடு உள்ளது. பூனை சோற்றைப் பிரித்தெடுத்து உண்ணாது, தோலோடுதான் கடிக்கும். ஆகவே கற்றாழையை எட்டாத உயரத்தில் வைத்தல் நன்று.

வெங்காயத் தாள், பூண்டு, சைவ் எனும் வெங்காயப் புல் ஆகியன பூனையின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குவன. பிற விலங்குகளின் அணுக்களைவிடப் பூனையின் சிவப்பணுக்கள் இத்தாக்குதலுக்கு எளிதில் ஆட்படுபவை. வேகவைத்தாலும் உலர்த்திப் பொடித்தாலும் அக்கேடு நீங்குவதில்லை. நம் இல்லங்கள் பலவற்றில் இவை அடுக்களைக்குள்ளேயே வருவதில்லை என்பதால் இதனை விரித்துரைக்கவில்லை. ஆயினும் கடையில் வாங்கும் குழம்புப் பொடியிலும் சிற்றுண்டியிலும் இவை கலந்திருக்கக்கூடும். மிஞ்சியதைப் பூனைக்கு வைக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுகாறும் சொன்னவற்றுள் பெரும்பாலானவை வயிற்றோடு போகும் துன்பங்களே. உயிரைக் கவர்வன வேறு. அவை மூலிகை வரிசையில் இல்லை, அழகு வரிசையில் உள்ளன. திருமண வரவேற்புகளிலும் பூங்கொத்துகளிலும் இப்போது மிகுதியாகக் காணப்படும் லில்லி மலரே இவற்றுள் முதலாவது. இதன் இதழோ இலையோ வேண்டியதில்லை. மேலே படிந்த மகரந்தத்தைப் பூனை நக்கினாலும், பூச்சாடியின் நீரைப் பருகினாலும் அதன் சிறுநீரகங்கள் செயலிழக்கும். முதலில் வாந்தி எடுத்து, பின் தேறியது போலத் தோன்றும்; அத்தோற்றத்தை நம்பிக் காலம் தாழ்த்துவோர் மூன்று முதல் ஏழு நாள்களுக்குள் பூனையை இழப்பர். 18 மணி நேரத்துக்குள் மருத்துவம் தொடங்கினால் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. பூனை வாழும் வீட்டில் லில்லிக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பரிசாக வந்தாலும் வாசலிலேயே பிறர்க்குக் கொடுத்துவிடுங்கள். பீஸ் லில்லி என்று விற்கப்படும் தொட்டிச்செடி பெயரால் மட்டுமே லில்லி. அது வாயை எரிக்குமேயன்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்காது. நம் வீடுதோறும் படரும் மணிபிளான்டும் அத்தகையதே. அவற்றின் இலைக்குள் ஊசி போன்ற நுண்படிகங்கள் உள. கடித்த உடனே நாவிலும் ஈறிலும் குத்தி எரிச்சல் தருவதால் பூனை தானே விலகிவிடும்.

ஈச்சைக் கன்று போலத் தோன்றும் சைகஸ் கல்லீரலையும், அரளி இதயத்தையும் தாக்கிக் கொல்வன. நித்தியகல்யாணி நமக்குப் புற்றுநோய் மருந்து தந்த செடி. அம்மருந்தின் மூலப்பொருளே பூனைக்கு வலிப்பு வரை கொண்டு செல்லக்கூடிய நஞ்சு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் கிழங்கு முதல் மலர் வரை நஞ்சுடையது. அது பூனைக்கு மட்டுமன்று, நமக்கும்தான்.

பூனைவணங்கி

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். சாலையோரத்தில் முளைத்துக் கிடக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. இளமையில் இப்பெயரைப் படித்தபோது யாரோ விளையாட்டாக இட்ட பெயர் என்று எண்ணினேன். வேரோடு பிடுங்கிய குப்பைமேனியைப் பூனையின் முன் இட்டுப் பார்த்தவர்களுக்கே அப்பெயரின் பொருத்தம் விளங்கும். பூனை வேரை முகரும். கன்னத்தை அதன்மேல் தேய்க்கும். தலையைத் தாழ்த்தித் தரையில் புரளும். நம் முன்னோர் கூர்ந்து நோக்கியே பெயரிட்டனர். மேனாட்டில் கேட்னிப் என்று வழங்கும் புதினாக் குடும்பத்துச் செடிக்கும் இவ்வியல்பு உண்டு. பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குதான் அதற்கு மயங்கும். மயங்குவதும் மயங்காததும் பிறப்பிலேயே அமைவது. சிறு குட்டிகள் மயங்குவதில்லை. பத்து நிமிட அளவில் மயக்கம் தெளிந்துவிடும்.

இம்மயக்கத்தால் பூனைக்கு என்ன பயன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2021-ஆம் ஆண்டு ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் குழு ஒன்று, இத்தகைய செடியின் மீது புரண்ட பூனையைக் கொசுக்கள் குறைவாகவே அண்டுகின்றன என்று கண்டு வெளியிட்டது. பூனை இன்பத்துக்காக மட்டும் புரளவில்லை; கொசு மருந்தும் பூசிக்கொள்கிறது! ஆயினும் குப்பைமேனியில் சயனைடு சார்ந்த பொருள் ஒன்று உண்டாதலால், அதனைத் தின்னும் உணவாகத் தொட்டியில் வளர்த்து வைக்க வேண்டா.

சைவமா என்னும் வினா

பேத்தியின் முதல் வினாவுக்கு வருகிறேன். இதனை எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எனினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

பூனை புல்லை உண்பது பசிக்காக அன்று. அமெரிக்கக் கால்நடை அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் வினவியபோது, பெரும்பாலான பூனைகள் நோயற்ற நிலையிலேயே புல்லைக் கடிப்பதும், அவற்றுள் ஏறத்தாழக் காற்பங்கே பின்னர் வாந்தி எடுப்பதும் தெரிய வந்தது. வயிற்று வலிக்கு மருந்தாகத் தின்கிறது என்னும் பழைய விளக்கம் இதனால் தளர்ந்தது. காட்டில் வாழ்ந்த மூதாதைகள் குடற்புழுக்களை வெளியேற்றப் புல்லை உண்டன. புழுவே இல்லாத வீட்டுப் பூனையிடமும் அப்பழக்கம் எஞ்சியிருக்கிறது என்பது அவர்கள் கருத்து. உண்ட புல் பெரிதும் செரியாமலே வெளியேறும். ஆகவே புல் கடிப்பதைக் கண்டு அதனைச் சைவப் பிராணி எனக் கொள்ளுதல் பொருந்தாது.

டாரின் என்னும் சத்து பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. நம் உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் போதிய அளவில் ஆக்காது. ஊனுணவிலிருந்தே பெற்றாக வேண்டும். அது குறைந்தால் விழித்திரை தேய்ந்து பார்வை கெடும் என 1975-இலும், இதயத் தசை தளரும் என 1987-இலும் ஆய்வாளர் நிறுவினர். பாலிலும் தயிர்ச்சோற்றிலும் டாரின் மிகச் சிறிதே. நம் இல்லம் ஒன்றில் தயிர்ச்சோறு மட்டுமே உண்டு வளர்ந்த பூனை சுவரில் முட்டி முட்டி நடந்ததைக் கண்டிருக்கிறேன். வீட்டார் அன்பில் குறை வைக்கவில்லை. நாளும் நெய் விட்டுப் பிசைந்தனர். முதுமையால் கண் மங்கியது என்று அவர்கள் நினைத்தனர். உண்மைக் காரணம் இன்னதென எனக்கு உறுதியில்லை. ஆயினும் அதன் வயது அன்று ஐந்து.

அப்படியானால் கொல்லாமையை அறமாகக் கொண்ட நாம் என் செய்வது? டாரினைத் தொழிற்சாலையில் செயற்கையாக ஆக்குகின்றனர். அது சேர்ந்த பூனையுணவு கடைகளில் கிடைக்கிறது. ஊனின்றி ஆக்கப்பட்ட உணவும் வெளிநாடுகளில் விற்கப்படுகிறது. ஆனால் பூனைக்கு வேண்டுவது டாரின் ஒன்றே அன்று. அராக்கிடோனிக் அமிலம், விலங்குப் பொருளில் மட்டுமே உள்ள வடிவிலான வைட்டமின் ஏ எனப் பிறவும் உள. மருத்துவரின் தொடர்ந்த மேற்பார்வையின்றி அம்முயற்சியில் இறங்குவது பூனையின் உடலைக் கொண்டு நம் நோன்பை நோற்பதாகும். நம் நூல்கள் பூனையை ஐம்புலனும் மனமும் உடைய உயிர் வரிசையில் வைக்கின்றன. அது தன் இயல்புக்கு ஏற்ற உணவின்றிக் கண்ணிழப்பதும் இம்சையே. இதனை ஏற்க மனம் ஒப்பாதவர் பூனையை வளர்க்காமல் இருப்பதே முறை. வந்த பூனையை நல்ல இடம் பார்த்து ஒப்படைக்கலாம். என் மகன் வீட்டில் இது பற்றி நெடுநாள் பேசினர். முடிவில் பூனைக்கெனத் தனித்தட்டும் தனியிடமும் வைத்து, கடையில் விற்கும் உணவை வாங்கிப் போடுகின்றனர். மருமகளின் தாயார் அதன்பின் அவ்வீட்டில் உணவருந்த மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

தின்றுவிட்டால்

பூனை எதையேனும் கடித்து எச்சில் வடித்தாலோ, தள்ளாடினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, முதலில் வாயில் எஞ்சிய இலையை அகற்றுங்கள். உப்பு நீரைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் பழைய வழக்கம் பூனைக்கு ஆகாது. உப்பே நஞ்சாகும், நீர் நுரையீரலுக்குள்ளும் புகும். பால், எண்ணெய், மோர் எதனையும் ஊற்ற வேண்டா. மகரந்தம் உடலில் ஒட்டியிருந்தால் அது நக்குவதற்கு முன் நீரால் கழுவுங்கள். கடித்த செடியின் கிளையொன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு, கடித்த நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். செடியின் பெயரை நீங்கள் சொல்வதைக் காட்டிலும் செடியைக் காட்டுவது நன்று. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும். சென்னையில் உள்ளோர்க்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. பிற ஊரினர் அரசு கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணை இன்றே நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இலையைவிட இலைமேல் தெளித்தது கொடியதாக இருப்பதும் உண்டு. நாற்றங்காலிலிருந்து வாங்கி வந்த புதுச்செடியைச் சில வாரம் பூனைக்கு எட்டாமல் வையுங்கள். நாய்க்கு உண்ணி போக்க விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் அவ்வாறே விலக்கத்தக்கன, வேறுபாடு அளவில்தான்.

பூனைக்கு ஒரு தொட்டி

விலக்குவது மட்டும் போதாது. கடிப்பது அதன் இயல்பாதலால், கடிக்கத்தக்க ஒன்றை நாமே வைக்க வேண்டும். அகன்ற ஆழமில்லாத தொட்டி ஒன்றில் மருந்திடாத மண்ணை இட்டு, ஓரிரவு ஊறிய கோதுமையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண்போர்வை இடுங்கள். மூன்று நான்கு நாளில் முளைவிடும். பத்து நாளில் சாணளவு உயரும். விதைக்கடையில் பூச்சிமருந்து பூசி விற்கும் விதை ஆகாது. உண்பதற்கு வாங்கிய கோதுமையையே பயன்படுத்துங்கள். எக்காரணம் கொண்டும் சோளத்தை விதைக்க வேண்டா. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வயிறு உப்பி விழுவதை உழவர் அறிவர். அக்குருத்தில் சயனைடு உண்டு. ஒரு தொட்டி மஞ்சளாகத் தொடங்கும்போது அடுத்ததை விதைத்தால் இடைவெளி இராது.

பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதுமை விதைத்து, நாள்தோறும் அளவுகோலால் அளந்து குறிப்பேட்டில் எழுதி வந்தாள். கற்பூரவல்லியும் கற்றாழையும் கம்பிக் கொக்கியில் மேலே தொங்கின. பத்தாம் நாள் பயிர் செழித்து நின்றபோது பூனையைத் தூக்கி வந்து அருகில் விட்டாள். அது சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டு, பயிரின் நடுவே ஏறிப் படுத்து உறங்கிவிட்டது. இரண்டாம் தொட்டியில்தான் தின்னத் தொடங்கியது.